தண்டனையா, சிகிச்சையா: டென்னசி மாநிலத்தின் இரு வழிகள்

கர்ப்பிணி ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி, போதை) மருந்துகளைத் தொடர்ந்து உட்கொண்டால், பிறந்த சில நாட்களில் குழந்தைக்கு நடுக்கமும் ஓயாத அழுகையும் தோன்றலாம். இதைத் தடுக்கவென்று அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2014இல் தாயைக் குற்றவாளியாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கைதுக்கு அஞ்சும் பெண்கள் மருத்துவப் பரிசோதனையையே தவிர்ப்பார்கள் என மருத்துவ அமைப்புகள் எதிர்த்த அச்சட்டம், நீட்டிக்கப்படாமல் 2016இல் காலாவதியானது.

மற்றொரு வழி, ஓபியாய்டு பழக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்துகளான மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் கொண்ட சிகிச்சையைப் பேறுகாலப் பராமரிப்போடு இணைத்து உள்ளூரிலேயே கிடைக்கச் செய்வது. இதிலும் குழந்தைக்கு, மருந்து நின்றதும் தோன்றும் விலகல் அறிகுறிகள் வரலாம் (இதை மறைப்பது நேர்மையன்று). ஆயினும் அவை முன்கூட்டியே எதிர்பார்த்துக் கவனிக்கக்கூடியவை, தாய் மீண்டும் போதைக்குத் திரும்பும் ஆபத்தும் குறைகிறது. விலகல் அறிகுறிகள் காணும் பிறப்புகளை அறிவிப்பதை அதே மாநிலம் 2013இல் கட்டாயமாக்கியதால், சிகிச்சை மையங்களை எங்கு அமைப்பது என்று திட்டமிடவும் தரவு உண்டு.