நீலகிரி ஆஸ்பத்திரி அனுபவம்: நர்ஸ்களின் கைகளையும் கொஞ்சம் பாருங்கள்

இந்த முறை ஊருக்குப் போனதில் பெரும்பகுதி ஒரு ஆஸ்பத்திரி வார்டில் கழிந்தது. டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். நான் கோயம்புத்தூரில் இறங்கி மேட்டுப்பாளையம் வழியாக மலையேறிப் போனபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நீலகிரியில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரி என்பது போதும். இங்கிலாந்தில் நான் வார்டு நர்ஸ். அதனால் அம்மா தூங்கும் நேரமெல்லாம் என் கண் அங்கிருந்த சிஸ்டர்கள் பக்கமே போனது.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் சானிடைசர் இருந்தது. 2016-ன் மருத்துவக் கழிவு விதிகள் சொல்கிற மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலத் தொட்டிகள் எல்லாம் இருந்தன. போட்டு முடித்த ஊசிக்கு யாரும் மறுபடி மூடி போடவில்லை. நேராக வெள்ளை டப்பாவுக்குள் போனது. எப்போதெல்லாம் கை கழுவ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

ஆனால் அந்த நர்ஸ்களின் கைகள்! விரல் முட்டிகளில் தோல் வெடித்து, சிலருக்கு ரத்தக்கோடு தெரிந்தது. ஜனவரி மாதம், வெளியே புல்லில் உறைபனி. வார்டுக் குழாயில் வருவது ஐஸ் மாதிரித் தண்ணீர். ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை கழுவ வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண் சொன்னாள்: "சானிடைசர் போட்டா எரியுதுக்கா. அதான் சோப்பே போட்டுக் கழுவிடறேன்."

இங்கேதான் சிக்கல். எரிச்சலுக்குக் காரணம் ஏற்கெனவே தோலில் இருக்கும் வெடிப்பு. சோப்பும் தண்ணீரும் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுகின்றன. வெடிப்பு இன்னும் பெரிதாகிறது. மறுநாள் எரிச்சலும் கூடுகிறது. கிளிசரின் சேர்ந்த சானிடைசர், சோப்பை விடத் தோலுக்கு இதமானது. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தயாரிப்பு முறையிலேயே 1.45 சதவீதம் கிளிசரின் உண்டு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ பட்டிருந்தால், கழிப்பறை போய் வந்தால், சில வகை வயிற்றுப்போக்கு நோயாளிகளைத் தொட்டால் சோப்புதான் வேண்டும். மற்ற நேரத்தில் சானிடைசரை 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். ஈரக் கையில் கிளவுஸ் போட்டாலும் தோல் கெடும். வெடித்த தோலில் கிருமிகள் எளிதாகத் தங்கும், வலிக்கும் கையை யாருக்கும் கழுவத் தோன்றாது. ஆக, நர்ஸின் கைத்தோலைக் கவனிப்பதும் நோயாளிக்குத் தொற்று வராமல் தடுப்பதும் ஒரே வேலை. இதை அந்தச் சுவரொட்டி சொல்லவில்லை.

அப்புறம் ஸ்வெட்டர். குளிருக்கு எல்லோரும் யூனிஃபார்முக்கு மேல் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். மணிக்கட்டு வரை கழுவ முடியாது, நனைந்த கைப்பகுதி ஒவ்வொரு கட்டிலாக உரசிப் போகும். இங்கிலாந்தில் 2008 முதல் வார்டில் முழங்கைக்குக் கீழே துணியோ வாட்ச்சோ கூடாது. அந்த விதியை மலைக்கு அப்படியே கொண்டுபோனால் அந்தப் பெண்கள் நடுங்கித்தான் வேலை செய்ய வேண்டும். வார்டில் ஹீட்டரும், கையில்லாத கம்பளி உடுப்பும், குழாயில் வெதுவெதுப்பான தண்ணீரும் முதலில் வரட்டும். ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்வது அதற்குப் பிறகு.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வகுப்பு நடந்த நேரத்தைப் பார்த்துத்தான். தொற்றுத் தடுப்பு வகுப்பை நைட் டியூட்டி முடிந்த காலை எட்டு மணிக்கு வைத்திருந்தார்கள். இருட்டிய பிறகு எஸ்டேட் சாலையில் காட்டெருமையும் கரடியும் நிற்கும், பஸ்ஸும் கிடையாது. அதனால் மாலை வெளிச்சத்திலேயே வந்து, விடியும் வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றவர்கள் அவர்கள். ஸ்லைடுகள் முழுக்க ஆங்கிலம். படுக மொழியும் தமிழும் மலையாளமும் பேசும் வீடுகளிலிருந்து வந்த பெண்கள் கண் சொருகி உட்கார்ந்திருந்தார்கள். கட்டில் கம்பிகளைத் துடைக்கும் ஆயாக்களைக் கூப்பிடவே இல்லை. இதே மாவட்டத்தில் 1990-ல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸ்களாக இருக்கிறார்கள். சொந்த மண்ணின் பேச்சில் சொல்லிக்கொடுக்க முடியாது என்று இங்கே யாரும் சொல்ல வேண்டாம்.

வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது தமிழில் பேச ஆரம்பித்தோம். கேள்விகள் கொட்டின. நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால் பிதுக்கி ரத்தம் எடுக்கலாமா? வேண்டாம், சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று கேட்டேன். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊசி குத்தியதை வெளியே சொன்னால் திட்டு விழும் என்று மறைத்ததாக ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். திட்டுக்குப் பயந்து மறைக்கும் இடத்தில் எத்தனை வகுப்பு எடுத்து என்ன பயன்?

நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வகுப்பை மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு மாற்றுவதாகவும் ஆயாக்களையும் சேர்ப்பதாகவும் சொன்னார். கீசருக்கு நிர்வாகத்திடம் எழுதிக் கேட்க வேண்டுமாம்.

குளிர்காலத்தில் மலைக்குப் போகிற வெளிநாட்டு உறவுகளே, வார்டுக்கு சாக்லேட் டப்பா வாங்குவதோடு வாசனை இல்லாத கைக்கிரீமும் வாங்குங்கள். அழுத்தினால் வருகிற பம்ப் பாட்டிலாக இருக்கட்டும். திறந்த டப்பாவுக்குள் பல பேர் விரல் விட்டால் அதிலேயே கிருமி சேரும். கொடுக்கும்போது சூப்பரின்டென்டென்டிடம் சொல்லிவிட்டு, நர்ஸ்கள் உட்காரும் மேஜையில் வையுங்கள்.