வார்ஃபரினா, புதிய மாத்திரையா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையோடு ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பு மாத்திரையில் அடங்கிவிட்டாலும் இந்த ஆபத்து போகாது. அதனால்தான் உறைவெதிர்ப்பு மருந்து.

பழைய வார்ஃபரினா, ரிவராக்ஸபான், டாபிகாட்ரான், அபிக்ஸபான் போன்ற புதியவையா என்பதை முதலில் இதய வால்வுதான் தீர்மானிக்கிறது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்செல்லும் இதய நோயால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்புற அறைகளுக்கு நடுவில் இருப்பது) ஓரளவுக்கு மேல் சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின்தான். இங்கே போட்டியே இல்லை. 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் ருமாட்டிக் நோயாளிகளிடம் ரிவராக்ஸபான் பின்தங்கியது.

மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் புதியவையே மேல். மூளைக்குள் ரத்தக்கசிவு வார்ஃபரினோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான்.

வார்ஃபரினில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை எண்) பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும்; சில உலோக வால்வுகளுக்கு இலக்கு இதைவிடக் கூடுதல். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. கீரையின் வைட்டமின் கே வார்ஃபரினை மட்டுப்படுத்தும் என்பதற்காகக் கீரையை நிறுத்தச் சொல்வது தவறு; ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்பதுதான் சிக்கல். கிருமிக்கொல்லியான மெட்ரோனிடசோல், துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் சேர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறும், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சேர்ந்தால் சரியும். புது மருந்து எது சேர்ந்தாலும் சில நாட்களில் மறுசோதனை.

புதியவற்றுக்கு இந்தச் சோதனை வேண்டாம், ஆனால் மறதிக்கு மன்னிப்பில்லை. வார்ஃபரினின் வேலை சில நாட்கள் தங்கும். இவற்றின் பாதுகாப்போ ஒரு நாளுக்குள் பெரிதும் கரைந்துவிடும். ரிவராக்ஸபான் 20 மி.கி.யை வெறும் வயிற்றில் விழுங்கினால் மூன்றில் ஒரு பங்கு உடலில் சேராது. டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டக் கூடாது. அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஒத்துவராது.

அதிகம் காணும் பிழை அபிக்ஸபானில்தான். வழக்கமான அளவு 5 மி.கி., தினம் இருவேளை. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) 1.5 மி.கி./டெ.லி. அல்லது மேல்: இம்மூன்றில் இரண்டு இருந்தால் மட்டும் 2.5 மி.கி. 'வயசானவர், பயமாக இருக்கிறது' என்று 75 வயதுக்காரருக்குப் பாதியாக்குவது கசிவைக் குறைக்கும் கணக்கில் பக்கவாதத்துக்குக் கதவைத் திறப்பது.

ஆஸ்பிரினை இந்த வரிசையில் சேர்க்கவே வேண்டாம். அவெரோஸ் ஆய்வில் பெருங்கசிவு அபிக்ஸபானுக்கும் அதற்கும் ஏறத்தாழ சமம். பக்கவாதத்தைத் தடுத்ததில் மட்டும் ஆஸ்பிரின் வெகு பின்னால்.