கெக், ரியாக்டோம், சிடிடி, ஓப்பன் டார்கெட்ஸ்: நெடுநாள் புழங்கியதில் தெரிந்தவை

மரபணுப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த நோயில் போய் முடிகிறது, இதைத் தொடும் மருந்து உண்டா என்று தேடுவது பல வருடங்களாக என் வேலை. புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்காக, தினமும் திறக்கும் தரவுத்தளங்களைப் பற்றி இது.

இன்றும் முதலில் திறப்பது கெக் தான். 1995இல் கியோட்டோவில் மினோரு கனேஹிசா தொடங்கியது. கையால் வரைந்த பாத்வே படங்களே, அதாவது செல்லுக்குள் மரபணுக்களும் மூலக்கூறுகளும் அடுத்தடுத்து வினைபுரியும் வழிகளின் படங்களே, அதன் பலம். மனிதனுக்கான படத்தில் நோய், மருந்து விவரங்களையும் காட்டச் சொன்னால் நோய் மரபணுக்கள் இளஞ்சிவப்பிலும், மருந்தின் இலக்குகள் வெளிர்நீலத்திலும் வரும். இரண்டும் பொருந்தினால் ஒரே பெட்டி இரு நிறமாகப் பிரிந்து நிற்கும். நாள்பட்ட மைலாய்டு லுகேமியா படத்தில் அந்த நோயைத் தூண்டும் இணைந்த மரபணுவான பிசிஆர்-ஏபிஎல்லைத் தேடிப் பாருங்கள். அதைத் தடுக்கும் மருந்தான இமாடினிப் அங்கிருந்து அதிக தூரமில்லை.

சிக்கல், பட்டியலை மொத்தமாகக் கொடுத்து என்ரிச்மென்ட் பார்க்கும்போதுதான், அதாவது எந்தப் பாத்வேயின் மரபணுக்கள் பட்டியலில் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று கணக்கிடும்போது. தசைத் திசுவைப் பற்றிய ஆய்வாக இருக்கும். முடிவில் பார்கின்சன், ஹண்டிங்டன், அல்சைமர் மூன்றும் வரிசையாக மேலே வந்து உட்காரும். மூளைக்கும் உங்கள் தரவுக்கும் சம்பந்தமே இருக்காது. மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலிக்கான மரபணுக்கள் இந்த மூன்று படங்களிலும் ஏராளமாக இருப்பதுதான் காரணம். கோவிட்-19 படத்துக்கும் இதே கதை: அதில் ரைபோசோம் புரதங்கள் நிறைய. செல்லின் புரதத் தயாரிப்பு கொஞ்சம் ஏறி இறங்கினாலே கொரோனா தலைகாட்டும். இதை அப்படியே முடிவாக எழுதிய கட்டுரைகளைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை. நோய்ப் படங்களை ஒதுக்கிவிட்டுத்தான் நான் முதல் ஓட்டம் ஓட்டுவேன். பிறகு சேர்த்தாலும், எந்த மரபணுக்கள் அந்தப் பெயரை மேலே தள்ளின என்று பார்க்காமல் விடமாட்டேன்.

இன்னொன்று: கெக்கின் மொத்தத் தரவிறக்கம் 2011 முதல் சந்தாவுக்குள் போய்விட்டது. ஆர் நிரல் மொழியின் கெக்.டிபி தொகுப்பு அந்தக் காலத் தரவோடு நின்றுபோனது. யாராவது பழைய ஸ்கிரிப்ட் கொடுத்தால் அது எதிலிருந்து எடுக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு பாத்வே தளமான ரியாக்டோமில் இந்த உரிமத் தொல்லை இல்லை. ஒவ்வொரு வினையையும் தனித்தனியாக, ஆதாரக் கட்டுரையோடு தருகிறது. ஆனால் பெரிய பாத்வேக்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது என்று அடுக்கியிருப்பதால், ஒரே விஷயம் முடிவுகளில் நாலைந்து பெயரில் வரும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மருந்துப் பக்கம் வந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வேதிப்பொருள், மரபணு, நோய் இவற்றின் தொடர்புகளைத் தொகுக்கும் சிடிடியில் வேதிப்பொருளும் நோயும் இணைந்திருப்பது மூன்று விதமாக இருக்கலாம்: அது சிகிச்சையாக இருக்கலாம், நோயின் காரணமாகவோ அடையாளமாகவோ இருக்கலாம், அல்லது இரண்டுக்கும் பொதுவான ஒரு மரபணுவை வைத்துச் செய்த வெறும் அனுமானமாக இருக்கலாம். புற்றுநோய் மருந்தான டாக்சோரூபிசினும் இதயத்தசை நோயும் அங்கே இணைந்திருக்கின்றன. அந்த மருந்து இதயத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால்! நேரடி ஆதாரம் என்ற நெடுவரிசையைப் படிக்காமல் பட்டியலை இறக்கிக்கொண்டால், நோயைத் தரும் பொருளை மருந்தென்று எழுதிவிட வாய்ப்புண்டு.

ஒரு மரபணு ஒரு நோயோடு எவ்வளவு தொடர்புடையது என்று ஓப்பன் டார்கெட்ஸ் தரும் 0 முதல் 1 வரையிலான மதிப்பெண்ணும் நிகழ்தகவு அல்ல. ஆதாரங்களைக் கூட்டி எடையிட்ட தொகை. மனித மரபியல் ஆதாரத்தால் வந்த மதிப்பெண்ணும், இரண்டு பெயர்களும் ஒரே கட்டுரையில் அடிபட்டதால் வந்ததும் என் கணக்கில் ஒன்றல்ல. அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, பக்கத்தில் ஆதார வகைவாரியாக உள்ள கட்டங்களைத்தான் பார்ப்பேன்.

ஆதாரத்தின் தரத்தை வெளிப்படையாகச் சொல்வதில் எனக்குப் பிடித்தது, மரபணு வேறுபாடுகள் மருந்தின் விளைவை எப்படி மாற்றுகின்றன என்று தொகுக்கும் ஃபார்ம்ஜிகேபி (2025 முதல் கிளின்பிஜிஎக்ஸ்). 1ஏ முதல் 4 வரை நிலைகள். 1ஏ தான் மிக வலுவானது. இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல், அதைச் செயல்படவைக்கும் நொதியின் மரபணு சிஒய்பி2சி19, இந்த இணை 1ஏயில் இருக்கிறது. மருந்துத் தரவுத்தளமான டிரக்பேங்க், இலக்குகளைத் தேட வசதி, அவ்வளவே.

எல்லாவற்றையும் இணைக்க மரபணுப் பெயரை நம்பாதீர்கள், அதன் அடையாள எண்ணை வையுங்கள். இஜிஎஃப்ஆர் என்ற மரபணு, அமெரிக்க மரபணுத் தரவு மையமான என்சிபிஐயிலும் கெக்கிலும் 1956 தான். செப்ட்2 போன்ற பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிய கொடுமையால் 2020இல் அவற்றின் பெயரையே மாற்றினார்கள். பழைய கோப்புகளில் அந்தத் தேதிகள் இன்னும் கிடக்கின்றன. கூடவே ஒவ்வொரு தளத்தின் பதிப்பு எண்ணையும் இறக்கிய நாளையும் கோப்பின் பெயரிலேயே போட்டுவிடுங்கள்.