சிறுநீரக நோயாளியின் வீட்டுக்கு ஒரு குருதியமுக்கமானி

மூன்றாம் கட்டச் சிறுநீரக நோயுடன் வாழும் அப்பாவுக்காக, மட்டக்களப்பு நகரிலுள்ள பாமசி ஒன்றில் மேற்கையில் கட்டும் தானியங்கிக் குருதியமுக்கமானி ஒன்றை வாங்கினோம். மணிக்கட்டில் கட்டும் வகை மலிவாக இருந்தாலும், கை இதய மட்டத்திலிருந்து சற்று இறங்கினாலோ உயர்ந்தாலோ அதன் அளவீடு பிழைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தோம்.

கருவி நல்லது, குறை கைப்பட்டியில் இருந்தது. பெட்டியிலிருந்த பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கு உரியது. வயல் வேலையில் உரமேறிய அப்பாவின் கை அதைவிடப் பெரியது. சிறிய பட்டி அமுக்கத்தைக் கூட்டிக் காட்டும் என்று கடையில் எவரும் சொல்லவுமில்லை, கையை அளந்து பார்க்கவுமில்லை. பெரிய பட்டியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. வழிகாட்டிக் கையேட்டில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லாதது அதைவிடப் பெரிய குறை; வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி கிளினிக்குக்கு வரும் நோயாளிகளுக்கு அந்தக் கையேட்டால் என்ன பயன்?

அளக்கும் முறையைக் கிளினிக் தாதியே விளக்கினார். காலையில் குளிசை போடுவதற்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, கதிரையில் முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் இருந்த பின், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். அப்பா இரண்டு அளவீடுகளையும் கொப்பியில் எழுதி, பக்கத்திலேயே முந்தைய நாள் சாப்பாட்டையும் குறித்து வைக்கிறார். கருவாட்டுக் கறி சாப்பிட்டதற்கு மறுநாள் காலைகளில் மேல் எண் ஏறி நிற்பதைத் தானே கண்டுகொண்டவர், “இனிக் கருவாடு வேணாம் மகள்” என்றார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்காதவர் அவர். பழுதுபட்ட சிறுநீரகத்தால் உப்பைச் சரியாக வெளியேற்ற முடியாமல் உடலில் நீர் தேங்குவதும், அதனால் ஏறும் அமுக்கம் எஞ்சிய சிறுநீரகத்தையும் சிதைப்பதும், அந்தக் கொப்பியைப் பார்த்த பின்புதான் அவருக்கு விளங்கின. குளிசையின் அளவை மாற்றும்போது வைத்தியரும் அதையே புரட்டிப் பார்த்தார். ஆயினும் எண் இறங்கிவிட்டது என்று எவரும் குளிசையைத் தாமாக நிறுத்தக்கூடாது.

வாங்குவோர் மேற்கையின் நடுப்பகுதியை முதலில் நாடாவால் அளந்துகொண்டு போகட்டும். வாங்கிய பின் கருவியைக் கிளினிக்குக்கு ஒருமுறை எடுத்துச் சென்று அங்குள்ள அளவீட்டுடன் ஒப்பிடட்டும். குருதிச் சுத்திகரிப்புக்காக இரத்தக் குழாய் இணைப்புச் செய்த கையில் பட்டியைக் கட்டவே கூடாது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு இவ்வகைக் கருவிகள் பிழையாகக் காட்டக்கூடும் என்பதால், அவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்பே வாங்க வேண்டும்.