ஓபி-1, ஓபி-இசட்: கைக்கு அடக்கமான இரு சின்தசைசர்கள்

சுவீடனின் டீனேஜ் எஞ்சினியரிங் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஓபி-1 என்னும் சின்தசைசரில் (மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் இசைக்கருவி) வண்ணத் திரை, ஒலிபெருக்கி, எஃப்எம் ரேடியோ ஆகியவற்றோடு நாடாவைப் போல் இயங்கும் 4 தட எண்ணிமப் பதிவும் உண்டு. ரேடியோவில் வரும் பேச்சையே பிடித்துச் சுரமாக வாசிக்கலாம் என்பது விளையாட்டாகத் தோன்றினாலும் அலுக்காத வசதி. ஆனால் நாடாவில் பதிவாவது ஒலியே என்பதால், ஒரு சுரத்தை மட்டும் பின்னர் மாற்ற இயலாது.

2018-இல் வந்த ஓபி-இசட் விலை குறைந்தது. அதில் ஒலிபெருக்கி உண்டு, திரை இல்லை. கண்ணால் பார்த்தே அமைக்க விரும்புவோர் செயலியை நாட வேண்டும். எனினும் அதன் 16 தடச் சீக்குவென்சரில் (சுரங்களைப் படிகளாக வரிசைப்படுத்தித் தானே ஒலிக்கச் செய்யும் பகுதி) ஒரு படியை அழுத்தியபடி சுரத்தைத் தொட்டால் அந்தப் படி மட்டும் மாறுவதால், தாளக்கட்டுகளை அடுக்கி இசையமைப்போருக்கு அதையே பரிந்துரைப்பேன். விரலால் வாசித்துப் பழகியவருக்கு ஓபி-1.