பத்து நாளில் முடியும் உத்தரவாதமும் ஐந்து மாதத்தில் பழுக்கும் மிளகாயும்

இணையவழியில் மிளகாய் விதை வாங்க எண்ணியிருப்பவர்கள், அதிலும் உலகின் மிகக் காரமான வகை என்று விளம்பரப்படுத்தப்படும் விதைகளைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் செலுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘கரோலினா ரீப்பர்’ என்று அச்சிட்ட விதை உறை ஒன்றை வாங்கி, ஐந்து மாதங்கள் கண்ணும் கருத்துமாக வளர்த்து, கடைசியில் யார் வீட்டுச் சமையலறையிலும் கிடக்கும் சாதாரண நீள மிளகாயை நான் அறுவடை செய்தேன். இழந்த தொகை சிறியதுதான். ஒரு பருவம் முழுவதும் வீணாகப் போனதுதான் மனம் ஆறவில்லை.

விற்பனைப் பக்கத்தில் சுருக்கம் விழுந்த, தேள் கொடுக்கு போன்ற வாலுடைய செந்நிறப் பழத்தின் படம் இருந்தது. அதன் கீழே ‘விரைவாக முளைத்தது’, ‘ஒரு விதைகூட வீணாகவில்லை’ என்ற பாணியில் ஏராளமான மதிப்புரைகள். விதையில் குறை இருந்தால் பொருள் கைக்குக் கிடைத்த பத்து நாள்களுக்குள் தெரிவிக்கலாம் என்ற உறுதிமொழியும் இருந்தது. அப்போது அது எனக்கு நியாயமாகவே பட்டது. மிளகாய் விதை தன் உண்மையான அடையாளத்தைக் காட்டப் பல மாதங்கள் ஆகும் என்பதையும், பத்து நாளில் அது முளைத்ததா இல்லையா என்பதற்கு மேல் எதுவும் தெரியாது என்பதையும் நான் சேர்த்து எண்ணிப் பார்க்கவில்லை.

ஈரப்படுத்திய தென்னை நார்த்தூளைக் குழித்தட்டில் நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் பத்து விதைகளை ஊன்றி, 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். ஏழாம் நாள் காலையில் ஒன்பது விதைகள் ஒன்றாகத் தலை நீட்டியிருந்தன. மகிழ்ச்சி தாங்காமல் அன்றே ஐந்து நட்சத்திரங்களுடன் மதிப்புரையும் எழுதிவிட்டேன். உண்மையில் நான் ஐயப்பட்டிருக்க வேண்டிய முதல் நாள் அதுதான். ரீப்பர், ‘கேப்சிகம் சைனென்ஸ்’ என்னும் சிற்றினத்தைச் சேர்ந்தது. அதன் விதைகள் சோம்பேறிகள். இரண்டு வாரம் சாதாரணம், நான்கைந்து வாரம் இழுத்தடிப்பதும் உண்டு. ஒரு வாரத்தில் ஒரே மூச்சில் முளைத்து நிற்பது பெரும்பாலும் நாம் அன்றாடம் பயன்படுத்தும் மிளகாய் வகைகள் அடங்கிய ‘கேப்சிகம் ஆன்னம்’ சிற்றினத்தின் இயல்பு. புதிய விதையும் நல்ல வெப்பமும் அமைந்தால் சைனென்ஸ் விதையும் சில வேளை முந்திக்கொள்ளும் என்பதால், இதை மட்டுமே வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் ஒன்பதும் ஒரே காலையில் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

செடி அதன் பிறகும் எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. இலைகள் அகன்று சுருங்கி வெளிர்ந்திராமல், குறுகலாகவும் வழுவழுப்பாகவும் கரும்பச்சையாகவும் இருந்தன. பூ வந்தபோது ஒவ்வொரு கணுவிலும் ஒரே ஒரு பூ, இதழ்கள் பால் வெள்ளை. சைனென்ஸ் செடியில் ஒரு கணுவில் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேலும் பூக்கள் தோன்றும், இதழில் பச்சை கலந்த வெளிர் நிறம் தெரியும், காம்பு காயோடு சேரும் இடத்தில் நெரித்தாற்போல ஒரு வளையமும் இருக்கும். இவை எதுவும் என் செடிகளில் இல்லை. இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்தது, காய்கள் விரல் நீளத்தில் வழுவழுப்பாகத் தொங்கத் தொடங்கிய பின்னர்தான்.

முதல் பழம் சிவந்த அன்று, கையுறை அணிந்து, அருகில் ஒரு குவளை பாலையும் வைத்துக்கொண்டு, மிகுந்த பயத்துடன் ஊசிமுனை அளவு நறுக்கி நாவில் வைத்தேன். ஒன்றும் நேரவில்லை. பிறகு காரத்தின் உறைவிடமான, விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிற நடுத்தண்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். காரம் இருந்தது, பாலைத் தொட வேண்டிய அளவுக்கு இல்லை. ரீப்பரின் காரம் கின்னஸ் பதிவின்படி 2017-இல் சராசரியாக 16,41,183 ஸ்கோவில் அலகுகள் (மிளகாயின் காரத்தை அளக்கும் அலகு) என்பதை நினைவில் கொண்டால், நான் எதைத் தின்றேன் என்பது புரியும்.

விற்பனையாளருக்குப் படங்களுடன் எழுதினேன். மண்ணும் தட்பவெப்பமும் மாறினால் காயும் மாறும் என்பது முதல் பதில். வெயிலும் நீர்ப் பற்றாக்குறையும் காரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், காயின் அளவையும் பாதிக்கும். ஒரு சிற்றினத்தை இன்னொரு சிற்றினமாக்கும் மண் எங்கும் இல்லை. அருகில் வேறு மிளகாய்ச் செடி இருந்து தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிட்டிருக்கும் என்பது இரண்டாவது பதில். இதைக் கேட்டுத்தான் பலரும் தங்கள் மீதே பழியைப் போட்டுக்கொண்டு அடங்கிப்போகிறார்கள் என்று நினைக்கிறேன். அயல் மகரந்தம் சேர்ந்தால் அதன் விளைவு காய்க்குள் இருக்கும் விதையில், அதாவது அடுத்த தலைமுறைச் செடியில்தான் வெளிப்படும். இந்த ஆண்டுக் காயின் சதையும் வடிவமும் தாய்ச்செடிக்கே உரியவை. கலப்பு நேர்ந்திருந்தால் அது விதையைச் சேகரித்தவரின் தோட்டத்தில் நேர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் அதற்கும் பொறுப்பு அவரே. இதை விளக்கி எழுதியபின் வந்த மூன்றாவது பதில்தான் நேர்மையானது: பத்து நாள் கெடு முடிந்துவிட்டது.

மீண்டும் மீண்டும் எழுதியதால் ‘நல்லெண்ணத்தின் பேரில்’ இலவசமாக மாற்று உறை ஒன்று வந்தது. அதிலிருந்து முளைத்தவற்றில் மிளகாய் எதுவும் இல்லை; இலைகளில் மென்மயிரும் தண்டில் ஊதாச் சாயலும் கொண்ட கத்தரி நாற்றுகள் இருந்தன. கத்தரி விதை மிளகாய் விதையைவிடச் சிறியது, பழுப்பேறியது. பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஊன்றும் முன்பே தெரிந்திருக்கும்.

அதே பக்கத்தில் நீல நிற மிளகாய் விதையும் விற்பனைக்கு இருந்ததை நான் முன்பே பொருட்படுத்தியிருக்க வேண்டும். ஊதா நிற மிளகாய் உண்டு, ஏறக்குறையக் கறுப்பாகத் தோன்றும் மிளகாயும் உண்டு. படத்தில் காட்டப்படும் அந்த வான்நீல மிளகாய் கணினியில் மட்டுமே காய்க்கிறது. 2023-இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் சாதனை படைத்த ‘பெப்பர் எக்ஸ்’ விதையும் அங்கே கிடைத்தது. அதை உருவாக்கிய எட் கரி அதன் விதையைப் பொதுவிற்பனைக்கு விடவே இல்லை. இவ்விரண்டில் ஒன்றை விற்பவரிடம் மற்ற எந்த விதையையும் வாங்காமல் இருப்பது நல்லது.

இப்போது நான் வாங்குவதாக இருந்தால், சிற்றினத்தின் பெயரும் விதை சேகரித்த ஆண்டும் என்ன, மற்ற வகைகளிலிருந்து செடியைத் தனிமைப்படுத்தி விதை எடுத்தீர்களா என்று முதலில் எழுத்தில் கேட்பேன். மழுப்பலான பதில் வந்தால் விலகிவிடுவேன். விதை வந்ததும் உறையுடன் சேர்த்துப் படம் எடுத்து, சிலவற்றை ஊன்றாமல் எடுத்து வைப்பேன், ஏனெனில் என்னிடம் காட்டுவதற்கு ஒரு விதைகூட மிஞ்சவில்லை. மதிப்புரைகளில் பழத்தின் படம் உள்ளவற்றை மட்டுமே கணக்கில் கொள்வேன்.

அந்தப் பக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. தேள்வால் படத்தின் கீழே, முளைத்த வாரத்தில் எழுதப்பட்ட பாராட்டுகளுக்கு நடுவே, ‘ஏழே நாளில் ஒன்பது நாற்றுகள், நம்பி வாங்கலாம்’ என்ற என்னுடைய வரியும் நிற்கிறது. அதைத் திருத்த முயன்றேன். மதிப்புரையை மாற்றுவதற்கான காலம் கடந்துவிட்டதாகத் திரையில் செய்தி வந்தது.