பெர்லினில் வீட்டு ஹம்முஸ்: சில ஆண்டுகளுக்குப் பிறகு

வேகவைத்த கொண்டைக்கடலையை எள் விழுதோடு அரைத்துச் செய்யும் அரபு உணவு ஹம்முஸ். பெர்லினில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் அதன் டப்பா கிடைக்கும். ஆனால் பலவற்றில் தஹினி எனப்படும் அந்த எள் விழுது பெயருக்குத்தான் இருக்கும். மிச்சத்தை கனோலா எண்ணெயும் சிட்ரிக் அமிலமும் சமாளிக்கும். அதனால் சில ஆண்டுகளாக வீட்டில்தான் அரைக்கிறேன்.

ருசியைத் தீர்மானிப்பது கொண்டைக்கடலை அல்ல, தஹினிதான். நொய்கோல்ன் பகுதியின் சோனன்அலே தெருவில் உள்ள அரபுக் கடைகளில் வாங்குகிறேன். பொருட்பட்டியலில் எள் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. சாய்த்தால் தேன்போல ஒழுக வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் கெட்டுவிட்டதென்று பொருளல்ல, அடிவரை கிளறினால் போதும். பாலஸ்தீனத்தின் நாப்லஸ் நகர தஹினி ஆலைகள் எத்தியோப்பியாவின் ஹுமெரா எள்ளைப் பெரிதும் விரும்புகின்றன. அந்த எள்ளில் செய்த தஹினி கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். நம் ஊர்த் தோல் நீக்காத எள்ளை வறுத்து அரைத்தால் கசப்பு தட்டும். அது இட்லிப் பொடிக்கே பொருத்தம்.

அடுத்தது தண்ணீர். பெர்லின் குழாய்த் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள கால்சியம் கடலையின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். இரவு ஊறிய 250 கிராம் கடலையை வேகவைக்கும்போது அரை தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் இறுக்கம் தளரும். சோடா நுரைக்கும் என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். சுண்டலுக்கு வேகும் பதம் இதற்குப் போதாது. இரு விரல்களுக்கிடையே வைத்தால் அழுத்தாமலே மாவாக வேண்டும்.

அரைக்க ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியே போதும். இங்கும் 230 வோல்ட்தான், பிளக் அடாப்டர் மட்டும் வேண்டும். சட்னி ஜாரில் கடலையைச் சூடு ஆறுவதற்குள் தனியாக மைய அரைத்துவிட்டு, 150 கிராம் தஹினியும், நசுக்கிய பூண்டு பத்து நிமிடம் ஊறிய எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்க்கிறேன். எலுமிச்சை பட்டதும் தஹினி கட்டிதட்டும், பயப்பட வேண்டாம். ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு ஓட்டினால் இளகி வெளுக்கும். ஆலிவ் எண்ணெயை உள்ளே சேர்ப்பதில்லை, பரிமாறும்போது மேலே ஊற்றினால் போதும்.

அவசரத்துக்கு டின் கடலையும் சரிதான். சோடா போட்ட தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். நேராக அரைத்தால் மணல்போல் நெருடும்.

குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும். பூண்டு மட்டும் நாளாக ஆகக் காட்டமாகும். சில நாட்களுக்கு மொத்தமாக அரைத்து வைப்பவர்கள் பூண்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.